ஏகாதசி விரதமும் இரத்த உறைவு மாத்திரையும்

காலில் இரத்தம் உறைந்து மருத்துவமனையில் சேர்ந்தவர் வீடு திரும்பும் நாளில், குடும்பத்தினர் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. "இருப்பதிலேயே நல்ல மாத்திரை எதுவோ அதையே எழுதிக் கொடுங்கள், டாக்டர்" என்பார்கள். நியாயமான வேண்டுகோள்தான். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு ஒரு மாத்திரை, தமக்கு வேறொன்று. சிங்கப்பூரில் இருக்கும் மகன் தொலைபேசியில் மூன்றாவது பெயரைச் சொல்கிறான். குழப்பம் வராமல் என்ன செய்யும்? ஆனால் இவ்வினாவுக்கு ஒரே வரியில் விடை சொல்வதை நான் நிறுத்தி விட்டேன். அதற்குக் காரணம் ஸ்ரீரங்கத்து மூதாட்டி ஒருவர்.

எழுபது வயதைக் கடந்தவர். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இடக்காலில் ஆழ்சிரை இரத்த உறைவு ஏற்பட்டது. ரிவராக்ஸபான் என்னும் மாத்திரை கொடுக்கப்பட்டது. முதல் 21 நாள் காலையும் இரவும் 15 மில்லிகிராம். பிறகு நாளொன்றுக்கு ஒரு முறை, இரவு உணவுடன் 20 மில்லிகிராம். வீக்கம் நன்றாக வடிந்தது. மார்கழி கடைசியில் மறுபடி வந்தார். கால் மீண்டும் பருத்திருந்தது. டாப்ளர் ஸ்கேன் எடுத்தபோது பழைய உறைவின்மேல் புதிய உறைவு சேர்ந்திருப்பது தெரிந்தது. மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை என்று அவர் சொன்னார். அட்டைகளை எண்ணிப் பார்த்தோம். அவர் சொன்னது உண்மை.

பிறகுதான் பேச்சுவாக்கில் செய்தி வெளிப்பட்டது. பகல் பத்து தொடங்கியதிலிருந்து அவர் ஒருபொழுது. நண்பகலில் மட்டும் உணவு. வைகுண்ட ஏகாதசியன்று அதுவும் இல்லை. இரவு மாத்திரையை ஒரு மிடறு தீர்த்தத்துடன் விழுங்கியிருக்கிறார். "சாப்பாட்டுக்குப் பின்" என்று சீட்டில் எழுதியிருந்ததே என்று கேட்டதற்கு, "எல்லா மாத்திரைக்கும் அப்படித்தானே எழுதுகிறீர்கள்" என்றார். மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயிறு புண்ணாகாமல் இருப்பதற்காக எழுதப்படும் வழக்கமான குறிப்பு என்று அவர் எண்ணிக்கொண்டார். ஆனால் ரிவராக்ஸபானைப் பொறுத்தவரை உணவு என்பது மருந்தின் ஒரு பகுதி போன்றது. 20 மில்லிகிராம் மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொண்டால் உடலில் சேரும் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. புதிய உறைவுக்கு அது ஒன்றே காரணம் என்று சத்தியம் செய்ய என்னால் இயலாது. ஆனால் ஸ்ரீரங்கத்தில் வாழும் வைணவ மூதாட்டியிடம் மார்கழியில் என்ன உண்பீர்கள் என்று கேட்காமல் மருந்து எழுதியது எங்கள் தவறு. அவருடைய தவறன்று.

நோயைப் பற்றிச் சில சொற்கள். கால் தசைகளுக்கு உள்ளே ஆழத்தில் ஓடும் சிரைகளில் இரத்தம் கட்டியாக உறைவதே ஆழ்சிரை இரத்த உறைவு. அறுவைச் சிகிச்சை, நெடுநாள் படுக்கை, புற்றுநோய், பிரசவகாலம், சில ஹார்மோன் மாத்திரைகள், மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்து செய்யும் பயணம் ஆகியவை பொதுவான காரணங்கள். காரணம் புலப்படாமலும் வரும். உறைவிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனியை அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். இது மேலைநாட்டாருக்கு வரும் நோய், நமக்கு வராது என்று நம் மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பியிருந்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1996 முதல் 2005 வரை சேர்ந்த உள்நோயாளிகளை ஆராய்ந்தபோது 10,000 பேருக்குச் சுமார் 17 பேரிடம் இந்நோய் உறுதி செய்யப்பட்டிருந்தது. அரிதான நோய் என்று ஒதுக்கிவிடக்கூடிய எண்ணிக்கை அன்று அது.

இதற்குத் தரப்படும் மருந்துகளை மக்கள் "இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை" என்கிறார்கள். இரத்தம் நீர்ப்பதில்லை. உறையும் திறன் மட்டுமே குறைக்கப்படுகிறது. இருக்கும் கட்டியையும் இம்மருந்துகள் கரைப்பதில்லை. அது வளராமலும் புதியது உருவாகாமலும் தடுத்து நிற்க, உடல்தான் கட்டியைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. வலி நின்றவுடன் மாத்திரையை நிறுத்துவது ஏன் ஆபத்து என்பது இதிலிருந்தே விளங்கும். வலி போவது சில நாளில். உடல் தன் வேலையை முடிக்க மாதங்கள் ஆகும்.

மருந்து கொடுப்பதால் உண்மையில் பயன் உண்டா என்று ஐயுறுவோருக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்வது என் வழக்கம். 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் பாரிட், ஜோர்டன் ஆகிய இருவரும் நுரையீரல் அடைப்பு நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் அந்த அடைப்பினால் இறந்தனர். மேலும் 5 பேருக்கு அடைப்பு திரும்ப வந்தது. மருந்து பெற்ற 16 பேரில் ஒருவர்கூட அடைப்பினால் இறக்கவில்லை. எண்ணிக்கை சிறிதுதான். ஆயினும் அதற்குப் பிறகு மருந்தே தராமல் ஒரு பிரிவை விட்டுவைக்க உலகில் யாருக்கும் மனம் வரவில்லை. அன்று அவர்கள் பயன்படுத்தியவை ஹெப்பாரின் ஊசியும் அசினோகூமரால் மாத்திரையும். அதே அசினோகூமராலைத்தான் திருச்சியில் இன்றும் எழுதுகிறோம்.

ஹெப்பாரினிலிருந்து தொடங்குவோம். 1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்னும் மருத்துவ மாணவர், நாயின் கல்லீரலை ஆராய்ந்துகொண்டிருந்தபோது எதிர்பாராமல் தென்பட்ட பொருள் அது. கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் பெயராயிற்று. இன்று அது பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. வயிற்றில் போடப்படும் எனாக்ஸாபரின் ஊசியும் அதிலிருந்தே உருவாக்கப்படுவது. இதை நோயாளியிடம் சொல்ல வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சொன்னால் மறுத்துவிடுவார், உயிருக்கு ஆபத்து நேரும், ஆகவே பேசாமல் இருப்பதே நலம் என்பது ஒரு தரப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முட்டைகூடத் தொடாத குடும்பங்களும், பன்றியை விலக்கிய இசுலாமியக் குடும்பங்களும் வாழும் ஊர் இது. உண்மையைச் சொன்னால் பெரும்பாலோர் உயிர்காப்பு என்று ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்காதவர்களில் பலருக்கு மாற்று இருக்கிறது. ஃபோண்டாபாரினக்ஸ் என்னும் ஊசி முழுவதும் வேதிமுறையில் செய்யப்படுவது. ரிவராக்ஸபான், அபிக்ஸபான் ஆகிய மாத்திரைகளை ஊசியே இல்லாமல் முதல் நாளிலிருந்தே தொடங்கலாம். மாற்று இருக்கும்போது மறைப்பதற்கு என்ன நியாயம்?

அடுத்து வார்ஃபரின், அசினோகூமரால் முதலிய பழைய மாத்திரைகள். இவற்றின் பிறப்பு மாட்டுத் தொழுவத்தில். 1920-களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த இனிப்பு குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் மடிந்தன. 1933-இல் ஒரு விவசாயி இறந்த கன்றையும் உறையாத இரத்தம் நிறைந்த பாத்திரத்தையும் கொண்டுபோய் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்கின் ஆய்வுக்கூடத்தில் இறக்கினார். அங்குத் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்தே வார்ஃபரின் வந்தது. 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதருக்கான மருந்தாயிற்று. "எலி மருந்தையா கொடுக்கிறீர்கள்" என்று கேட்போர் இன்றும் உண்டு. அளவே மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது; அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் இம்மாத்திரையின் முழுத் தொல்லையும்.

வைட்டமின் கே இல்லாமல் உடல் சில உறைவுக் காரணிகளை ஆக்க முடியாது. பழைய மாத்திரைகள் அந்த வைட்டமினின் செயலை மறிக்கின்றன. கீரைகளில் வைட்டமின் கே மிகுதி. ஆகவே கீரை கூடினால் மருந்தின் வேகம் தணியும். கீரை அறவே நின்றால் வேகம் ஏறும். ஸ்ரீரங்கத்து வழக்கத்தை இங்கே எண்ணிப் பாருங்கள். ஏகாதசியன்று முழுப் பட்டினி. மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். ஒரு நாள் ஒன்றுமில்லை. மறுநாள் ஒரு கிண்ணம் அகத்தி. மாதம் இருமுறை இந்த ஏற்ற இறக்கம். ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்று நாங்கள் விரும்புகிறோம், அது ஊஞ்சலாடுகிறது. கீரையே கூடாது என்று சொல்வது தவறான அறிவுரை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்பதே சரியானது. ஆனால் அதைச் சொல்லும்போது பாரணையை மறந்துவிடக் கூடாது.

பழைய மாத்திரையின் மற்றொரு சுமை, பரிசோதனைக்காக அலைவது. தொடக்கத்தில் வாரம் ஒருமுறையோ இருமுறையோ ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை ஐந்து நாளேனும் ஊசியும் சேர்ந்து போட வேண்டும். திருச்சி நகரத்தில் இருப்பவருக்கு இது தொல்லை மட்டுமே. துறையூரிலிருந்தோ முசிறியிலிருந்தோ சத்திரம் பேருந்து நிலையம் வந்து இறங்குபவருக்கு ஒரு நாள் கூலி, இருவர் பேருந்துக் கட்டணம், பரிசோதனைக் கட்டணம் எல்லாம் சேர்ந்த செலவு. மாத்திரை மலிவு என்பது அட்டையின் விலையை மட்டும் பார்ப்பவர் சொல்வது.

இனிப் புதியவை. இவற்றைப் பழைய மருந்துடன் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் 2009-இலிருந்து வரிசையாக வந்தன. ரிவராக்ஸபானைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வில் 3,449 நோயாளிகள். மறுபடி உறைவு ஏற்பட்டவர்கள் புதிய மருந்தில் 2.1 விழுக்காடு, பழைய முறையில் 3.0 விழுக்காடு. அபிக்ஸபானைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வில் 5,395 பேர். உறைவைத் தடுப்பதில் இரண்டும் ஏறக்குறையச் சமம். ஆனால் பெரும் இரத்தக்கசிவு புதிய மருந்தில் 0.6 விழுக்காடு, பழையதில் 1.8 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்கு. தபிகாட்ரானும் பழைய மருந்துக்கு இணையாகவே உறைவைத் தடுத்தது. ஆனால் அதற்கு முன் சில நாள் ஊசி தேவை, சிலருக்கு வயிற்றெரிச்சல் தரும், பெரும்பகுதி சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் சிறுநீரகம் பழுதானவருக்கு உகந்ததன்று.

புதியவற்றுக்குள் எது சிறந்தது என்பதற்கு நெடுநாள் நேரடி விடை இல்லாமல் இருந்தது. கனடா மருத்துவர்கள் தலைமையில் 2,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அபிக்ஸபானையும் ரிவராக்ஸபானையும் மூன்று மாதம் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2025-இல் அறிவிக்கப்பட்டது. கவனிக்கத்தக்க இரத்தக்கசிவு அபிக்ஸபானில் 3.3 விழுக்காடு, ரிவராக்ஸபானில் 7.1 விழுக்காடு. பாதிக்கும் குறைவு. அபிக்ஸபானுக்கு உணவு கட்டாயமில்லை. வெறும் வயிற்றிலும் வேலை செய்யும். முதல் 7 நாள் 10 மில்லிகிராம், பிறகு 5 மில்லிகிராம், இரு வேளையும். மறதிக்காரர்களுக்கு இந்த "இரு வேளை" ஒரு குறைதான்.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். காலில் முதன்முறை உறைவு ஏற்பட்டு, சிறுநீரகமும் கல்லீரலும் ஓரளவு நன்றாக இருப்பவருக்கு நான் முதலில் எண்ணுவது அபிக்ஸபானையே. இந்தியாவில் 2020 இறுதியில் ரிவராக்ஸபானுக்கும் 2022-இல் அபிக்ஸபானுக்கும் காப்புரிமை முடிந்தபின் நம் நாட்டு நிறுவனங்கள் பல இவற்றைச் செய்கின்றன, விலையும் இறங்கியிருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இலேயே இவ்வகை மருந்துகளை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பழக்கத்தின் காரணமாக மட்டுமே எல்லோருக்கும் பழைய மாத்திரையைத் தொடர்வது இனிப் பொருந்தாது.

இதற்கு என் மூத்த மருத்துவ நண்பர் ஒருவர் சொல்லும் மறுப்பை நான் எளிதாகத் தள்ளிவிடுவதில்லை. "ஐ.என்.ஆர். பார்க்க வருகிறவன் மாதம் ஒருமுறையாவது என் முகத்தைப் பார்க்கிறான். மாத்திரை சாப்பிடுகிறானா என்பது காகிதத்தில் தெரிந்துவிடும். உன் புதிய மாத்திரைக்காரன் ஆறு மாதம் கண்ணில் படுவதே இல்லை" என்பார். உண்மை. புதிய மருந்தின் வேகம் ஒரு நாளிலேயே குறைந்துவிடும். இரண்டு வேளை விட்டால் காப்பு இல்லை. பழைய வார்ஃபரின் ஒரு வேளையை மன்னிக்கும், புதியது மன்னிக்காது. பரிசோதனை தேவையில்லை என்பதை மருத்துவரே தேவையில்லை என்று பொருள் கொண்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதற்குத் தீர்வு பழைய மாத்திரைக்குத் திரும்புவதன்று. மாதம் ஒருமுறை அட்டையை எடுத்துக்கொண்டு வரச் சொல்வதும், வீட்டில் ஒருவர் அதை எண்ணிப் பார்ப்பதுமே. ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் சிறுநீரகப் பரிசோதனையும் வேண்டும்.

பழையவை இன்றும் இன்றியமையாத இடங்கள் உண்டு. உலோக இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள் பழைய மாத்திரையை விட்டுப் புதியதற்கு மாறவே கூடாது. ஆன்டிபாஸ்ஃபோலிப்பிட் நோய் என்னும் உறைவுக் கோளாறு உள்ளவர்களிடம் ரிவராக்ஸபானை ஆராய்ந்தபோது தீங்கு மிகுந்ததால் 2018-இல் அந்த ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. கருவுற்ற பெண்களுக்கு ஹெப்பாரின் வகை ஊசிதான். மாத்திரைகள் கருவைத் தாக்கக்கூடும். பாலூட்டும் தாய்க்கு ஊசியோ வார்ஃபரினோ தரலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின் அல்லது கார்பமசிப்பின் உட்கொள்பவரிடம் புதிய மாத்திரைகளின் அளவு உடலில் குறைந்து போகும். மூட்டு வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் எந்த உறைவு மருந்துடன் சேர்ந்தாலும் இரத்தக்கசிவைக் கூட்டும். இதைத்தான் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள், அது ஒரு மருந்தே அன்று என்பதுபோல.

எத்தனை நாள் என்பது மருந்தின் பெயரைவிட முக்கியமானது. குறைந்தது மூன்று மாதம். அறுவைச் சிகிச்சை போன்ற தெளிவான காரணம் இருந்து அது நீங்கியும் விட்டால் பெரும்பாலும் அத்துடன் நிறுத்தலாம். காரணம் தெரியாமல் வந்த உறைவு திரும்பி வரும் இயல்புடையது. முதற்கட்டச் சிகிச்சை முடிந்தவர்களிடம் அபிக்ஸபானை மேலும் ஓராண்டு தொடர்ந்து பார்த்த 2013-ஆம் ஆண்டு ஆய்வில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு உறைவு திரும்பியது, 2.5 மில்லிகிராம் என்னும் குறைந்த அளவு பெற்றவர்களிலும் அது 1.7 விழுக்காடு மட்டுமே. நிறுத்துவதா தொடர்வதா என்பதை மூன்றாம் மாத முடிவில் மருத்துவருடன் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். மாத்திரை தீர்ந்துபோன நாளே நிறுத்தும் நாளாக ஆகிவிடக் கூடாது.

அடுத்த முறை வரும்போது மாத்திரைச் சீட்டுடன் இன்னொரு தாளும் கொண்டு வாருங்கள். வீட்டில் எந்நேரம் உண்கிறீர்கள், எந்த நாளில் விரதம், எவ்வளவு கீரை, வேறு என்ன மருந்து (நாட்டு மருந்து உட்பட), மாதம் எவ்வளவு செலவிட முடியும் என்று எழுதியிருந்தால் போதும். ரமலான் நோன்பு இருப்பவரும் தவக்காலத்தில் ஒருவேளை உண்பவரும் இதைச் சொல்ல வேண்டும். மருத்துவர் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். கால் வீக்கம் கூடினாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, மலம் கருத்துப் போனாலோ தாளுக்காகக் காத்திராமல் உடனே வாருங்கள்.

அந்த மூதாட்டிக்குச் சில நாள் ஊசி போட்டு, பிறகு அபிக்ஸபானுக்கு மாற்றினோம். ஏகாதசியன்று தண்ணீருடன் மாத்திரை விழுங்கினால் விரதம் கெடாதா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். விரதத்தை முறிக்காதவை என்று சாத்திரம் எண்ணும் எட்டில் தண்ணீரும் மருந்தும் இருக்கின்றன என்று எனக்கு எடுத்துச் சொன்னார். முன்பே கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேனே என்றும் சேர்த்துச் சொன்னார்.